அத்தானின் கைவால்வு

இந்த டிரைவரைப் பாத்தீயளா அண்ணாச்சி? ஒரு மிதி மிதிக்கான், உடனே காலை எடுக்கான். மறுபடியும் ஒரு மிதி. நமக்குக் குடலு மேலயும் கீழயும் போயிட்டு வருது. முன்னால ஏத்தம் இருக்கா, இறக்கம் இருக்கா, வண்டியில எத்தனை ஆளு நிக்கி, ஒரு யோசனை வேண்டாமா? வேகத்தைக் கூட்டுறது எவனும் செய்வான். ஒரே வேகத்துல நிறுத்துறதுதான் வேலை. நான் அந்த வேலை பாத்தவன். பஸ்ஸுக்கு இல்ல, ஸ்டீம் இஞ்சினுக்கு.

நீங்க ஜங்ஷன் போறீயளா? நான் பேட்டையில இறங்கிருவேன். நேரம் இருக்கு. சன்னலை வேணும்னா சாத்திக்கிடுங்க, எனக்கு ஒண்ணுமில்ல.

அக்கா வீட்டுக்குப் போயிட்டு வாரேன். வீரவநல்லூர்ல இறங்கி வாய்க்கால் கரையோட உள்ள போகணும். அக்கா பேரு உலகம்மா. அவ வீட்டுக்காரரு ஆவுடையப்பன், எனக்கு அத்தான். அத்தான் இப்ப வேலைக்குப் போறதில்ல. வாசல்ல ஒரு நாற்காலியைப் போட்டு உக்காந்திருப்பாவ. வலது கை மடியில கிடக்கும். அந்தக் கை திரும்பிக்கிட்டே இருக்கும். இந்தப் பக்கம், பெறகு அந்தப் பக்கம். எந்தப் பக்கம் திருப்பியிருக்கணும்னு இன்னும் பாத்துக்கிட்டு இருக்காவ. ஒரு பொம்பளை செத்தது தன்னோட கையாலதான்னு அத்தான் மனசுல இருக்கு. அது அப்படி இல்ல. அப்படி இல்லைன்னு எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் மாசாமாசம் போறேன், வாரேன்.

குத்தாலிங்கம் முதலாளியோட ரைஸ் மில்லுல நடந்தது இது. ஊருக்குக் கரண்டு வந்து ரொம்ப நாளாச்சு, ஆனாலும் முதலாளி இஞ்சினை மாத்தல. "உமி மலையாட்டம் கிடக்குவே. அதைப் போட்டு எரிச்சா ஆவி, ஆவி வந்தா இஞ்சின் ஓடுது. கரண்டுக்காரனுக்கு நான் எதுக்கு அழணும்?"பாரு. அது வாஸ்தவம்தான், அதுல தப்பு சொல்ல முடியாது.

ஆனா நெல்லு அரைக்கிற ஹல்லருக்கு ஒரே வேகம் வேணும், பாத்துக்கிடுங்க. வேகம் கூடினா அரிசி நொறுங்கி நொய்யாப் போயிரும். குறைஞ்சா உமி போகாம அரிசியும் நெல்லுமா விழும். அது கூலிக்கு அரைக்கிற மில்லு. நெல்லுக்காரன் மூட்டையோட வந்து கூடவே நிப்பான். தன் நெல்லு தன் அரிசியா விழுறதைக் கண்ணால பாக்கணும், கையில அள்ளி ஊதிப் பாக்கணும், அப்பதான் போவான். நொய்யி கொஞ்சம் கூடிட்டா சண்டைதான்.

அந்த வேகத்தைப் பாத்துக்கிடுறதுதான் அத்தான் வேலை. ஹல்லர்ல நெல்லு தீர்ந்தா பாரம் குறைஞ்சு இஞ்சின் துள்ளும். நெல்லைக் கொட்டினா இழுக்க மாட்டாம முக்கும். சிலிண்டருக்குப் போற ஆவிக் குழாயில ஒரு கைவால்வு உண்டு, ஒரு சின்னச் சக்கரம். அத்தான் அதுமேல வலது கையை வச்சுக்கிட்டு ஒரு முக்காலியில உக்காந்திருப்பாவ. துள்ளினா ஒரு நூல் மூடுவாவ. முக்கினா ஒரு நூல் திறப்பாவ. விடிஞ்சதுல இருந்து பொழுது அடையுற வரைக்கும் அதுதான். வெத்தலை மடிக்கிறதுகூட இடது கையாலதான் மடிப்பாவ. கெட்டிக்காரருதான், நான் இல்லைங்கல. ஆனா மனுசன்தான? தூக்கம் வரும், பேச்சு வரும், மூத்திரம் வரும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு படி நொய்யி.

நான் அப்ப தூத்துக்குடியில ஒரு பட்டறையில பிட்டர். இஞ்சின் ஆவியை ரொம்பத் தின்னுது, உமி பத்தலைன்னு முதலாளி என்னைக் கூப்பிட்டு விட்டாரு. வந்து பிரிச்சுப் பாத்தேன். உள்ள முன்னயும் பின்னயும் நகந்து ஆவியைச் சிலிண்டருக்கு விடுற சிலைடு வால்வு தேஞ்சு போய் ஆவி பாதி சும்மாவே வெளிய போய்க்கிட்டிருக்கு. அந்த வால்வோட முகத்தைச் சுரண்டிச் சமப்படுத்தினேன். அதோட நிறுத்தல. வால்வோட உதட்டைக் கொஞ்சம் நீட்டி வச்சேன். அப்படி வச்சா பிஸ்டன் பாதி தூரம் போறதுக்குள்ள ஆவி அடைபட்டுப் போகும், மீதி தூரத்தை உள்ள கிடக்குற ஆவியே விரிஞ்சு தள்ளும். உமி நல்லா மிச்சமாச்சு. முதலாளிக்கு வாயெல்லாம் பல்லு.

அப்பதான் நான் சொன்னேன், முதலாளி, இதுக்கு ஒரு கவர்னர் மாட்டிருவோம்னு. சாத்தூர்ப் பக்கம் ஒரு பருத்தி மில்லைப் பிரிச்சு விக்கிறான், அதுல ஒண்ணு கிடக்குன்னு. கவர்னருன்னா ரெண்டு இரும்புக் குண்டு. கோயில் கொடையில ராட்டினம் பாத்திருப்பீய, சுத்தச் சுத்தத் தொட்டிலெல்லாம் வெளிய விரியும்லா, அதேதான். இஞ்சினே ஒரு பெல்ட்டு போட்டு அதைச் சுத்தும். வேகம் கூடினா குண்டு விரியும், விரிஞ்சா ஒரு கம்பி அதோட சொந்த வால்வைத் தள்ளி ஆவியை மூடும். வேகம் குறைஞ்சா குண்டு தாழும், ஆவி திறக்கும். ஆளே வேண்டாம். அதுக்குத் தூக்கம் கிடையாது, பேச்சு கிடையாது.

மாட்டின அன்னைக்கு மில்லுல சாமி கும்பிட்டாவ. குண்டு ரெண்டுக்கும் சந்தனம் குங்குமம் வச்சு மாலை போட்டாச்சு. சுத்தும்போது மாலை பிய்ஞ்சு நாலு பக்கமும் பூ விழுந்துச்சு. தவிடு அள்ளுற மாடத்தின்னு ஒருத்தி உண்டு, வாயாடி. "கோமதிநாயகம் அண்ணாச்சி, இந்த ரெண்டுல எது மாப்பிள்ளை, எது பொண்ணு?"ன்னு எங்கிட்டக் கேட்டா. எல்லாரும் சிரிச்சாவ. அத்தான் சிரிக்கல. கையைப் பின்னால கட்டிக்கிட்டு சுத்திச் சுத்தி வந்து பாத்தாவ. "மாப்ளே, இதுக்குக் காது உண்டா?"ன்னு கேட்டாவ. காது எதுக்கு அத்தான், சுத்துற சுத்துலயே அதுக்குத் தெரிஞ்சிரும்னேன். "அப்படியா"ன்னாவ.

அன்னைக்கு அக்கா வீட்டுலதான் சாப்பாடு. அத்தான் கை கழுவப் போனதும் அக்கா எங்கிட்ட வந்து மெதுவாச் சொன்னா. "தம்பி, நீ என்ன மிசினை வேணும்னாலும் மாட்டு. அவியளை அந்த முக்காலியை விட்டு எழுப்பிராத. எந்திரிச்சா அந்த மனுசன் எங்க போய் உக்காருவாவ?" அவ்வளவுதான் சொன்னா. நான் சரின்னேன். முதலாளிகிட்டயும் பேசினேன். "இருந்துட்டுப் போறான்வே, கைராசிக்காரன்"னாரு. அப்ப குண்டும் இருக்கு, அத்தானும் இருக்காவ. கைவால்வை முழுசாத் திறந்து விட்டுட்டு, சும்மா பக்கத்துல உக்காந்திருங்க அத்தான்னு சொல்லிட்டேன். சரி மாப்ளேன்னாவ.

பிசானப் பருவத்து நெல்லு அறுப்பு தொடங்கி மூட்டை வர ஆரம்பிச்சுது. இஞ்சின் ஓடுன ஓட்டத்தைக் கேக்கணும் நீங்க. ஏறும், இறங்கும். ஏறும், இறங்கும். இந்தப் பஸ்ஸு மாதிரிதான். அத்தான் ஒத்தையில பாத்தப்பகூட அப்படி ஓடினது கிடையாது. ஹல்லர்ல நொய்யாக் கொட்டுது. நெல்லுக்காரன் ஒருத்தன் நொய்யை அள்ளிட்டு வந்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டி, "இதைக் கோழிக்குப் போடவா, உனக்குப் போடவா?"ங்கான். முதலாளி என்னைப் பாக்குறதையே விட்டுட்டாரு.

நான் எல்லாம் செஞ்சு பாத்தேன். குண்டைக் கழத்தி எடை பாத்துக் கடைஞ்சேன். ஆணியெல்லாம் புதுசா அடிச்சுப் போட்டேன். ஸ்பிரிங்கை மாத்தினேன். ஒரு வெங்கலக் குப்பியில விளக்கெண்ணெயை ஊத்தி, அதுக்குள்ள ஒரு பிஸ்டனை விட்டு, கம்பி வெடுக்குன்னு போகாம மெதுவாப் போற மாதிரி கட்டினேன். அது நல்ல வேலை, சொல்லப்போனா என் ஆயுசுல செஞ்ச நல்ல வேலை அதுதான். அப்பவும் ஏறும், இறங்கும். எனக்குச் சோறு இறங்கல. பட்டறையில கேட்டா, பிரிச்சுப் பழைய இரும்புக்குப் போட்டுருன்னுட்டாவ.

ஒருநாள் அத்தான் வள்ளியூருக்கு ஒரு சாவு வீட்டுல துட்டி கேக்கப் போயிட்டாவ. அன்னைக்கு இஞ்சின் ஓடுச்சு பாருங்க. நெல்லு கொட்டினாலும் அதே சத்தம், தீர்ந்தாலும் அதே சத்தம். ஒரு இம்மி மாறல. நான் அந்த முக்காலியிலயே உக்காந்துட்டேன். அப்ப குத்தம் எதுலன்னு வெளங்கிப்போச்சு.

மறுநாள் அத்தான் வந்து உக்காந்தாவ. பின்னால மூட்டை மறைவுல நின்னு பாத்தேன். கை வால்வு மேல இருக்கு. இஞ்சின் லேசாத் துள்ளுது, குண்டு விரிஞ்சு ஆவியை மூட வருது, அதுக்குள்ள அத்தான் கையும் ஒரு நூல் மூடுது. ரெண்டு பேரும் சேந்து மூடினா இஞ்சின் படுத்திரும்லா? உடனே குண்டு தாழ்ந்து திறக்குது, அத்தான் கையும் திறக்குது. இப்பத் துள்ளுது. இப்படி ரெண்டு பேரும் மாறி மாறி இழுக்காவ. நான் போய் அத்தான் கையை எடுங்கன்னேன். "நான் எங்கடே தொட்டேன்? சும்மா வச்சிருக்கேன்"னாவ. திருப்புனீயளே அத்தான்னேன். "வெளையாடுதியா?"ன்னு என்னைப் பாத்தாவ. பொய்யில்ல அண்ணாச்சி. சத்தியமா அவியளுக்குத் தெரியல. கை தானாத் திரும்புது. கையைத் தூக்கி மடியில வச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா மறுபடியும் வால்வுல இருக்கு.

நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்ய? முதலாளிகிட்டச் சொன்னா அன்னைக்கே எழுப்பி அனுப்பிருவாரு. அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். சொல்லாம விட்டா நொய்யி நிக்காது, கவர்னரைக் கழத்தி எறிஞ்சிருவாவ. பாய்லரை அணைச்சுக் கழுவுற நாள் ஒண்ணு வந்துச்சு. மில்லுல ஆளில்ல. கைவால்வைப் பிரிச்சேன். உள்ள ஆவியை அடைக்கிற தட்டு ஒண்ணு இருக்கும், பித்தளை. அதை மட்டும் எடுத்துட்டு மறுபடியும் பூட்டிட்டேன். இப்பச் சக்கரம் திரும்பும், கம்பி ஏறும் இறங்கும், உள்ள அடைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. திருப்பும்போது வித்தியாசம் தெரியக் கூடாதுன்னு கம்பியைச் சுத்தி இருக்க பேக்கிங் கயித்தை நல்லா இறுக்கி விட்டேன். இனிமே இஞ்சினைக் கிளப்புறதும் நிறுத்துறதும் பாய்லர்ப் பக்கத்து வால்வுலதான், இங்க நிறுத்தினா குழாயில தண்ணி கட்டும்னு ஒரு சட்டமும் போட்டேன். பாய்லர்ல தீ போடுற நம்பி சரின்னுட்டான்.

அதுல என்ன தப்பு? ஆபத்துன்னா அடைக்கப் பாய்லர் வால்வு இருக்குல்லா? நம்பி இருக்கான்லா? யார்கிட்ட வேணும்னாலும் கேளுங்க, போதும்னுதான் சொல்லுவாவ.

அதுக்கப்புறம் அந்த மில்லு ஓடினது மாதிரி எந்த மில்லும் ஓடியிருக்காது. அந்தப் பக்கத்து நெல்லெல்லாம் அங்கதான் வந்துச்சு. பக்கத்து மில்லை விட்டுட்டு வண்டி கட்டிட்டு வாராவ. அரிசி முழுசு முழுசா விழுது. அத்தானுக்கு வந்த களையைப் பாக்கணுமே. நிமிந்து உக்காந்திருப்பாவ, கை வால்வு மேல, ஒரு நூல் இங்கிட்டு, ஒரு நூல் அங்கிட்டு. வாரவன் போறவன்கிட்டயெல்லாம், "குண்டு அதும்போக்குல சுத்தும், நான் பாத்துப் பதமா விடுவேன். ரெண்டும் சேந்தாத்தான் ஓட்டம்"பாவ. மாடத்தி உடனே, "அண்ணாச்சி, அந்தக் குண்டு ரெண்டும் உம்மளைப் பாத்துக் கிறங்கிப்போயில்லா சுத்துது"ம்பா. அத்தானுக்குச் சிரிப்பு அடங்காது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அக்காவுக்குப் பூ வாங்கிட்டு வந்தாவளாம். கல்யாணமான புதுசுலகூட இந்தப் பூவைக் கண்டதில்லன்னு அக்கா எங்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா.

முதலாளி நெல்லுக்காரங்க முன்னால வச்சு அத்தான் தோளைத் தட்டி, "இது ஆவுடையப்பன் கை"ன்னாரு. நானும் அங்கதான் நின்னேன். எனக்கு ஒரு சின்ன வருத்தம், பொய் சொல்லக் கூடாது. விளக்கெண்ணெய்க் குப்பி கட்டினது யாரு? சிலைடு வால்வு உதட்டை நீட்டினது யாரு? ஒருத்தரும் கேக்கல. சரி, அக்கா சந்தோசமா இருக்கான்னு விட்டுட்டேன்.

கவர்னரைச் சுத்துற பெல்ட்டு உண்டுன்னேன்லா, தோல் பெல்ட்டு. அது ஒரு ஓரமாப் பிரிஞ்சிருந்துச்சு. முதலாளிகிட்டச் சொன்னேன். அறுப்பு முடியட்டும்வேன்னாரு. திரும்பவும் சொன்னேன். செருப்புத் தைக்கிறவர்கிட்டக் கொடுத்து ஒட்டுப்போட்டு மாட்டிட்டாரு. அந்தப் பெல்ட்டு என்னுது இல்ல. கவர்னர் என்னுது, அதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது. பின்னால விசாரிக்க வந்த ஆபீசரும் சொல்லல.

ஒருநாள் மத்தியானம் பெல்ட்டு அத்துப்போச்சு. நான் அப்ப தூத்துக்குடிப் பட்டறைக்குப் போயிருக்கேன். பெல்ட்டு அத்துப்போனா குண்டு நின்னு கீழ விழுந்துரும். குண்டு விழுந்தா, இஞ்சின் வேகம் கம்மி போலன்னு ஆவி முழுசாத் திறந்துக்கிடும். அது அதோட குணம். இஞ்சின் பிச்சுக்கிட்டு ஓடுச்சு. ஹல்லர் பாக்குற சுப்பையா எல்லாம் நேர்ல பாத்தவன், அவன்தான் எனக்குச் சொன்னான். சத்தம் மாறின உடனே எல்லாரும் வெளிய ஓடிட்டாவளாம். அத்தான் மட்டும் ஓடல. முக்காலியைத் தள்ளிவிட்டு எந்திரிச்சு, ரெண்டு கையாலயும் வால்வை மூடினாவளாம். மூடி முடிச்சும் நிக்கல. தப்பாத் திருப்பிட்டோமோன்னு மறுபக்கம் திருப்பினாவளாம். அப்பவும் நிக்கல. மறுபடியும் இந்தப் பக்கம். நம்பி அந்நேரம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். எந்திரிச்சு ஓடிப்போய்ப் பாய்லர் வால்வை அடைக்கிறதுக்குள்ள இஞ்சினோட பெரிய சக்கரம் வேகம் தாங்காம வெடிச்சுட்டு. ஒரு துண்டு சுவரைப் பிச்சுக்கிட்டு வெளிய போயிருக்கு. மாடத்தி ஓடித்தான் போயிருக்கா, சுவருக்கு அந்தப் பக்கம் நின்னுருக்கா. அவ மேலதான் விழுந்துச்சு. அங்கயே முடிஞ்சு போச்சு.

அத்தானுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்ல.

சேதி கேட்டு மறுநாள் வந்தேன். மாடத்தி வீட்டுக்குப் போனேன். அவ புருசன் சுவரைப் பாத்து உக்காந்திருந்தான். எனக்கு அழுகை வரல. வரணும்னு நின்னு பாத்தேன், வரல. இப்பவும் வரல. உள்ள ஒரு இடம் மரத்துப் போச்சு, அவ்வளவுதான். சாப்பிடுதேன், தூங்குதேன்.

விசாரணைக்கு ஒரு ஆபீசர் வந்தாரு. அவருக்கு இஞ்சினைப் பிரிச்சுக் காட்டினது நான்தான். பெல்ட்டைப் பாத்தாரு, ஒட்டுப்போட்ட இடத்தைப் பாத்தாரு, எழுதிக்கிட்டாரு. கைவால்வைப் பத்தி ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். முதலாளி தன் பெல்ட்டைப் பத்தின பேச்சை மாத்தணும்லா, "எங்க இஞ்சின் டிரைவர் பதட்டத்துல வால்வைத் தலைகீழாத் திருப்பிட்டான் சார்"னாரு. அத்தான் அங்கதான் நிக்காவ. இல்லைன்னு சொல்லுவாவன்னு பாத்தேன். "ஆமா சார், மூடுறதுக்குப் பதிலாத் திறந்துட்டேன்"ன்னாவ. அவ்வளவு வருசம் திருப்பின கை, எந்தப் பக்கம் மூடும்னு மறந்திருமா? ஆனா மூடினா இஞ்சின் நிக்கணும்லா? நிக்கலையே? அப்பத் தப்பாத் திருப்பியிருக்கோம்னு அவிய கணக்குப் போட்டுட்டாவ. கணக்கு சரிதான்.

அன்னைக்கே சொல்லியிருக்கலாம்பீய. சொன்னா என்ன ஆகும்? பிசானம் பூரா வெறும் சக்கரத்தைத் திருப்பிக்கிட்டு இருந்தீய அத்தான்னு சொல்லணும். பூ வாங்கிட்டு வந்த மனுசன்கிட்டப் போய் அதைச் சொல்ல முடியுமா? சொல்லலன்னா மாடத்தி சாவு அவிய தலையில. எது பெருசுன்னு நான் யோசிச்சேன். ரொம்ப நாள் யோசிச்சேன். அதுக்குள்ள அத்தான் வேலையை விட்டாச்சு, கை திரும்ப ஆரம்பிச்சாச்சு. சாப்பிடும்போதும் திரும்புது, தூங்கும்போதும் திரும்புதுன்னு அக்கா சொன்னா. சரி, சொல்லிருவோம்னு ஒருநாள் போனேன்.

அக்கா பக்கத்துல நிக்கும்போதே எல்லாத்தையும் சொன்னேன், ஒண்ணு விடாம. எடுத்து வச்சிருந்த பித்தளைத் தட்டையும் கொண்டு போயிருந்தேன். அத்தான் கையில கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பாத்தாவ. பெறகு என் கையிலயே கொடுத்துட்டு என் முதுகைத் தடவினாவ. "நீ நல்ல பிள்ளைடே. எனக்காவ இப்படியெல்லாம் பொய் சொல்லுத. இந்த மாதிரித் தட்டு எந்தப் பழைய இரும்புக் கடையிலயும் கிடக்கும். நான் திருப்பினேன், இஞ்சின் கேட்டுச்சு. என் கைக்குத் தெரியாதா?"ன்னாவ. நான் சத்தியம் பண்ணினேன். "பண்ணாத, பிள்ளை குட்டிக்காரன்"னாவ.

அத்தான் நம்பல. அக்கா நம்பிட்டா. அவ மூஞ்சியைப் பாத்தாலே தெரிஞ்சுது. அன்னைக்கு உள்ள போனவதான், அதோட எங்கூடப் பேச்சு கிடையாது. நான் போனா ஒரு செம்புல தண்ணி கொண்டாந்து தரையில வச்சுட்டுப் போயிருவா. முக்காலியை விட்டு எழுப்பாதன்னா, நான் எழுப்பல. அவ சொன்னதைத்தான் செஞ்சேன். பெறகு உண்மையையும் சொன்னேன். அதுக்குக் கோவம்னா எனக்கு வெளங்கல அண்ணாச்சி. ஒரே ரத்தம். கூடப்பொறந்ததுன்னு வேற யாரு இருக்கா அவளுக்கும் எனக்கும்?

ஆனாலும் நான் விடல. மாசாமாசம் போறேன். போய் அத்தான் பக்கத்துல உக்காந்து மறுபடியும் சொல்லுதேன், உள்ள தட்டு இல்ல அத்தான், நீங்க சரியாத்தான் திருப்புனீயன்னு. மாசாமாசம் அவிய எனக்கு ஆறுதல் சொல்லி அனுப்பி வைக்காவ. "மனசைப் போட்டு அலட்டாத மாப்ளே, உன் மேல என்ன இருக்கு?"ம்பாவ. கை அதும்பாட்டுக்குத் திரும்பும்.

இன்னைக்குப் போனேன். வழக்கம்போல ஆரம்பிச்சேன். அத்தான் நடுவுல நிறுத்தினாவ. "மாப்ளே, நான் யோசிச்சுப் பாத்தேன். நீ இத்தனை தடவை வந்து இதையே சொல்லுத. பொய் சொல்லுதவன் இப்படி அலைய மாட்டான். நீ சொல்லுதது நெசம்னே வச்சுக்கிடுவோம்"னாவ. கை நின்னுட்டு அண்ணாச்சி. மடியில சும்மா கிடக்கு. அது நின்னு நான் பாத்து எவ்வளவு காலமாச்சு. கதவுக்குப் பின்னால அக்கா நிக்கது வளையல் சத்தத்துல தெரியுது.

அத்தான் என் மூஞ்சியையே பாத்தாவ. "அப்படின்னா ஒண்ணு சொல்லு. அந்தப் பிசானம் பூரா இஞ்சினை ஓட்டினது யாரு?"ன்னு கேட்டாவ.

இந்தக் கேள்வியை ஒருத்தராவது கேக்க மாட்டாவளான்னு நான் எத்தனை நாள் இருந்திருக்கேன், தெரியுமா? பதில் என் வாயிலயே இருந்துச்சு. கவர்னர்தான் அத்தான், நான் மாட்டின கவர்னர், நான் கட்டின குப்பி. அதைச் சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சு. மாடத்தி சாவு அவிய தலையை விட்டு இறங்கிரும். அதுக்குத்தான இவ்வளவு நாள் நடையா நடந்தேன்? அவிய பாத்துக்கிட்டே இருக்காவ. கண்ணு ரெண்டும் என் வாயில இருக்கு.

"நீங்கதான் அத்தான்"ன்னேன்.

ஏன் சொன்னேன்னு கேட்டீயன்னா எனக்குத் தெரியல. வாய் சொல்லிட்டு.

"அதான பாத்தேன்"னாவ. நாற்காலியில நல்லாச் சாஞ்சுக்கிட்டாவ. மூஞ்சியில ஒரு சிரிப்பு. "அப்ப ஓட்டின கைதான கடைசியில தப்பாவும் திருப்பிச்சு? நல்லதுக்கு மட்டும் நான், கெட்டதுக்கு வேற ஆளுன்னா அது ஞாயம் இல்லடே. மாடத்தி விசயம் எங்கூடவே இருக்கட்டும். நீ இனி இதுக்குன்னு அலையாத." சொல்லி முடிக்கவும் கை மறுபடியும் திரும்ப ஆரம்பிச்சுட்டு. ஆனா முன்ன மாதிரி தவிப்பு இல்ல. ஏதோ வேலையில உக்காந்திருக்க மாதிரி மெதுவாத் திரும்புது.

அக்கா வெளிய வந்தா. "கோமதி, கை கழுவிட்டு வா, சோறு வைக்கேன்"னா. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. உள்ள போய் உக்காந்தேன். இலை போட்டு வச்சா. அத்தானுக்குக் கேக்காத மாதிரி குனிஞ்சு, "'நீங்கதான்'ங்கிற ஒரு வார்த்தையைச் சொல்ல உனக்கு இவ்வளவு நாளாச்சாடா?"ன்னா.

சந்தோசம் வரணும், இல்ல அழுகையாவது வரணும். ரெண்டும் வரல. குழம்பு நல்லா இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் சோறு போடுக்கான்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.